போர்டில் போட்டோ, பதிவேட்டில் ஆப்சென்ட்

2025 பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாள். தை முகூர்த்தத்துக்கு வந்திருந்த ஜாக்கெட் துணிகளை மேசை முழுக்கப் பரப்பி வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணி வாக்கில் கிளாஸ் மிஸ் போன் செய்தார். "பாப்பாவுக்கு அட்டெண்டன்ஸ் குறையுதும்மா, 71 சதவீதம் கூட வரலை. 75 இல்லாதவங்க லிஸ்ட்டை 31ஆம் தேதி எடுக்கிறாங்க. நாளைக்கு வந்து ஹெச்.எம். சிஸ்டரைப் பாத்துடுங்க." வைத்துவிட்டார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச் 3 பரீட்சை ஆரம்பம், எழுத விடுவார்களா என்ற பயம். கையில் கத்தரிக்கோலோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வெட்டிய கழுத்து கோணலாகப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தத் துணிக்கு 400 ரூபாய் என் கையை விட்டுக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். இரவு பேசும்போது சொல்லவில்லை. சொன்னால் அங்கே அவருக்குத் தூக்கம் போகும், இங்கே எதுவும் நடக்காது. மாமியாரிடமும் சொல்லவில்லை. "பொம்பளப் புள்ளைய ஓட விட்டா இப்படித்தான்" என்று முதலில் அவள் ஆடும் கோகோ விளையாட்டைத்தான் நிறுத்தச் சொல்வார். ஆக, பத்து நாள் ஒருத்தியாகத்தான் அலைந்தேன். இதையெல்லாம் ஜூன் மாதமே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

பள்ளியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் குறை சொல்கிறேன் என்று ஆகிவிடும். எங்கள் கிராமம் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில். பள்ளி டவுனில், 11 கிலோமீட்டர். சிஸ்டர்கள் நடத்தும் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. 2018இல் ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். அந்த நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்து எங்கள் பக்கத்துத் தென்னை எல்லாம் சாய்ந்து, கூரை போய் நின்றபோது, பள்ளியிலிருந்து போர்வையும் அரிசியும் வந்தது. எந்தச் சாமி கும்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. காலையில் மணி அடித்ததும் ஜெபம், அப்புறம் திருக்குறள், அப்புறம் செய்தி வாசிப்பு. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம் நெருங்கினால் ரோட்டில் காவி உடுத்தி நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுக்க எங்கள் பிள்ளைகளும் நிற்பார்கள். கிறிஸ்துமஸ் குடில் கட்ட வைக்கோல் எங்கள் களத்திலிருந்துதான் போகும். என் மகள் ஒரு வருடம் நாடகத்தில் மாதாவாக நடித்தாள். மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார், கேட்டால் கண்ணில் தூசி என்றார்.

டெல்டாவில் பாதிரிமார் பள்ளி ஒன்றும் புதிதில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கியது 1706. தஞ்சாவூரில் சரபோஜி மன்னரின் படிப்பைக் கவனித்துக்கொண்டவர் சுவார்ட்ஸ் பாதிரியார். இதெல்லாம் எனக்கு மகள் சொல்லித் தெரிந்ததுதான். ஏழாம் வகுப்பில் தரங்கம்பாடிக்கு டூர் கூட்டிப்போய், கோட்டையையும் 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சடித்த கதையையும் சொல்லி அனுப்பினார்கள். டூர் போன அன்றைக்குப் பதிவேட்டில் எல்லோருக்கும் பிரசென்ட். அதே வருடம் ஒரு நாள்கூட லீவு போடாததற்கு ஆண்டு விழாவில் அவளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. இந்த இரண்டையும் வைத்து நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்: பள்ளி வேலையாக வெளியே போனால் தானாகப் பிரசென்ட் போட்டுவிடுவார்கள், என் மகளுக்கு அட்டெண்டன்ஸ் பிரச்சினையே வராது. இரண்டுமே தப்பு.

மறுநாள் போனேன். சிஸ்டர் கோபப்படவில்லை. ரேங்க் கார்டை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார். "இது உங்க கையெழுத்துதானம்மா?" என்னுடையதுதான். காலாண்டில் ஒன்று, அரையாண்டில் ஒன்று. மார்க்குக்குக் கீழே 'வேலை நாட்கள்', 'வருகை நாட்கள்' என்று இரண்டு கட்டம் இருந்தது. இரண்டு தடவையும் மார்க்கைப் பார்த்தேன், கெமிஸ்ட்ரிக்காகத் திட்டினேன், கையெழுத்துப் போட்டேன். கீழே பார்க்கவே இல்லை. அந்த நிமிடம் வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டில் ரேங்க் கார்டு இருந்தால் இப்போதே எடுத்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

ஜனவரி 21 வரை பள்ளி நடந்தது 136 நாள். அவள் வந்ததாக இருப்பது 96.5 நாள். 75 சதவீதத்துக்கு 102 நாள் வேண்டும். இன்னும் எத்தனை நாள் வகுப்பு என்று கேட்டேன். செய்முறைத் தேர்வு, ஸ்டடி லீவு எல்லாம் போகப் பத்து நாள்தான் கணக்கில் சேருமாம். அந்தப் பத்து நாளும் முழுக்க வந்தாலும் 73ஐத் தொடாது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பரீட்சை மட்டுமில்லை. பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மார்க் அகமதிப்பீடு, அதில் வருகைக்கும் பங்கு உண்டு. உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கும் என்று டிசம்பர் 30ஆம் தேதி தொடங்கி வைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதை நம்பி நர்சிங்கா பி.எஸ்சி.யா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்.

வராத 39.5 நாள் எதெது என்று ஒரு பேப்பரில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். கிளாஸ் மிஸ் பொறுமையாக உட்கார்ந்து எழுதித் தந்தார். நான் செய்ததில் உருப்படியான முதல் காரியம் இதுதான். சதவீதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டில் உட்கார்ந்து அழத்தான் முடியும். தேதி வாரியாக வாங்கினால் எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்று பிரிக்கலாம். டெங்குக் காய்ச்சல் 14 நாள். கோகோ 9 நாள். நாத்தனார் மகள் மஞ்சள் நீராட்டு, இன்னொரு கல்யாணம், இப்படி விசேஷம் 4 நாள். சனிக்கிழமை 4. மீதி 8.5 நாள் என்னவென்றே எனக்குப் புரியவில்லை. பார்த்தால், 17 அரை நாட்கள். காலை ஜெபம் முடிந்து பதிவேடு எடுத்த பிறகு வந்தால் முற்பகல் ஆப்சென்ட். ஆடி மாதத்திலிருந்து எங்கள் ஊர் வழியாக வரும் டவுன் பஸ் கால் மணி பிந்தித்தான் வந்தது. அவள் போய்ச் சேரும்போது பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருப்பார்கள். முழுநாளும் பாடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள், ஆனால் கணக்கில் அரை நாள் இல்லை. அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமைக் கதை இன்னும் மோசம். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் நேரத்தில் எங்கள் பக்கம் மழை விடுமுறை விட்டார்கள். விடுமுறை அறிவித்த நாள் ஆப்சென்ட்டில் வராது, உண்மை. ஆனால் அதை ஈடுகட்ட வைக்கும் சனிக்கிழமை முழு வேலை நாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சனிக்கிழமைதானே என்று ஊக்கு தைக்கவும் காஜா எடுக்கவும் அவளை வீட்டில் வைத்துக்கொண்டேன். நான்கு நாள். டெல்டாவில் பிள்ளை படிக்க வைக்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். மழை விட்ட பிறகு வரும் சனிக்கிழமைகளுக்கு விசேஷம், வேலை எதுவும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இனி நான் பணத்தை விட்ட கதை. பேப்பரைப் பிரதி எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் போல, பக்கத்தில் நின்ற ஒருவர் "அட்டெண்டன்ஸாக்கா? ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு, முடிச்சுடலாம்" என்றார். 3,500 ரூபாய். வேண்டுமானால் தேதி போட்டு டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கித் தருவாராம், அதற்குத் தனியாக 2,000. எனக்கு அறிவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, ஆனால் பயம் அதைவிட அதிகமாக இருந்தது. ஜாக்கெட்டுக்கு வாங்கியிருந்த அட்வான்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். சர்டிபிகேட்டுக்குக் கொடுக்காமல் விட்டது என் நல்ல நேரம். பின்னால் இதைச் சொன்னபோது சிஸ்டர் முகம் மாறிப்போனது. "பொய் சர்டிபிகேட் ஃபைலுக்குள்ள வந்திருந்தா, நிஜமா இருக்கிற பேப்பரையும் யாரும் நம்ப மாட்டாங்கம்மா" என்றார். பதிவேடு பள்ளிக்குள் இருக்கிறது. அதை வெளியில் நிற்கும் ஒருவர் எப்படித் திருத்த முடியும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

அடுத்து டெங்குக்கு ஓடினேன். முதல் நான்கு நாள் ஊரிலேயே ஒரு டாக்டரிடம் காட்டியது. ஊசி, மாத்திரை, 200 ரூபாய், சீட்டு எதுவும் கிடையாது. பிறகு தட்டணுக்கள் குறைந்து தஞ்சாவூரில் தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள். டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தார்கள், அது ஃபெஞ்சல் மழையில் அலமாரிக்குள் நனைந்து கூழாகிவிட்டது. நகல் வாங்க இரண்டு தடவை போய் வந்தேன், 600 ரூபாய். கொண்டுவந்து பெருமையாக நீட்டினேன். சிஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டு, "இது ஃபைல்ல இருக்கட்டும். ஆனா இதனால வந்த நாள் கணக்கு ஏறாதும்மா" என்றார். மருத்துவச் சான்று கொடுத்தால் அந்த நாட்களுக்குப் பிரசென்ட் போட்டுவிடுவார்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன், என்னைப் போல நிறைய பேர் நினைக்கிறார்கள். வராத நாள் வராத நாள்தான். ஏன் வரவில்லை என்பதற்குத்தான் அந்தப் பேப்பர் ஆதாரம். குறைவாக இருப்பவருக்கு இரக்கம் காட்ட வேண்டி வந்தால் அப்போது அது பேசும். அதற்காக வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிசல்ட், பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், விடுப்புக் கடிதத்தோடு அந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கொண்டுபோனால் கேட்கிறவர்களுக்கே ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும்.

மிச்சம் இருந்தது கோகோ மட்டும். சிஸ்டர் அறையை விட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். எதிரே கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை. 'எம் பள்ளியின் சாதனையாளர்கள்' என்று தலைப்பு. அதில் பாரதியார் தினக் குழு விளையாட்டுப் போட்டி, வருவாய் மாவட்ட அளவில் கோகோ இரண்டாமிடம் என்று எழுதி, கோப்பையோடு பன்னிரண்டு பிள்ளைகள். இடது ஓரம் என் மகள், முழங்காலில் கட்டு. கீழே தேதி. கையில் இருந்த பேப்பரைப் பார்த்தேன். அதே தேதி. ஆப்சென்ட்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் கொஞ்சம் அதிகம். மறுபடி உள்ளே போய், "சிஸ்டர், ஒரு நிமிஷம் வெளியில வாங்க" என்றேன். வந்து பார்த்தார். பேப்பரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "போர்டுல போட்டது நாங்கதானே" என்று மெதுவாகச் சொன்னார். என்ன நடந்தது என்றால், போட்டிக்குக் கூட்டிப்போன பிள்ளைகளின் பெயரை பி.டி. மிஸ் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது பள்ளி வேலையாக வெளியே போனவர்கள்) லிஸ்ட்டாக எழுதி ஹெச்.எம். கையெழுத்து வாங்கி ஒவ்வொரு கிளாஸ் மிஸ்ஸிடமும் தர வேண்டும். கிளாஸ் மிஸ் அதைப் பார்த்துப் பதிவேட்டிலும், அரசாங்கத்தின் எமிஸ் என்ற ஆன்லைன் மாணவர் கணக்கிலும் சரிசெய்ய வேண்டும். பி.டி. மிஸ் அக்டோபரில் மகப்பேறு விடுப்பில் போய்விட்டார். லிஸ்ட் எழுதியிருக்கிறார், அது அவர் மேசை டிராயரிலேயே இருந்துவிட்டது. யார் மேலும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. மேடையில் கைதட்டுகிறவர்கள் வேறு, பதிவேட்டில் எழுதுகிறவர்கள் வேறு, நடுவில் ஒரு துண்டுப் பேப்பர். அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டியது நான்தான், அது எனக்குத் தெரியவில்லை.

டிராயரைத் திறந்தால் லிஸ்ட் இருந்தது, ஹெச்.எம். கையெழுத்து இல்லை. பி.டி. மிஸ் கும்பகோணத்தில் தாய் வீட்டில் இருந்தார். பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நான் கொண்டுபோன பேப்பரில் தேதி தேதியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். "என்னாலதானக்கா" என்று அவர் கலங்க, நான் குழந்தைக்கு நூறு ரூபாயை வைத்துவிட்டு வந்தேன். குறுவட்டப் போட்டி இரண்டு நாள், மாவட்டம் இரண்டு நாள், ஒரு கல்லூரி நடத்திய கோப்பைப் போட்டி இரண்டு நாள், இந்த ஆறுக்கும் பங்கேற்புச் சான்றிதழ் இருந்தது, ஏற்றுக்கொண்டார்கள். பயிற்சிக்காக மைதானத்தில் இருந்த மூன்று நாளுக்கு எந்தப் பேப்பரும் இல்லை, போனது போனதுதான். 96.5 நாளோடு ஆறு சேர்த்தால் 102.5. வேண்டியது 102. அரை நாள் உபரி. இன்னும் இரண்டு தடவை பஸ் பிந்தியிருந்தால் 75க்குக் கீழே போயிருக்கும். அன்று ராத்திரி அந்தக் கணக்கை நான்கு தடவை போட்டுப் பார்த்தேன்.

விளையாட்டில் இருக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பா யாராவது இதைப் படித்தால்: போட்டிக்குப் போகும் முன்பே ஓ.டி. லிஸ்ட்டில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். திரும்பி வந்த மறுநாள் கிளாஸ் மிஸ்ஸிடம் பிள்ளையையே அனுப்பி, பதிவேட்டில் போட்டாயிற்றா என்று பார்த்துவரச் சொல்லுங்கள். சான்றிதழை லேமினேட் செய்வதற்கு முன்னால் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைப் பள்ளியில் கொடுங்கள். பயிற்சி நாளாக இருந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். எங்கள் சிஸ்டர், "நீங்க அக்டோபர்லயே வந்து கேட்டிருக்கலாமேம்மா" என்றுதான் சொன்னார்.

பஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் உருப்படியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து அந்த டவுனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் பத்துக்கு மேல். எல்லா அம்மாக்களிடமும் கையெழுத்து வாங்கிப் பணிமனை மேலாளரிடம் மனு கொடுத்தோம். பத்து நிமிடம் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். அப்படியும் மழைக்காலத்தில் நம்ப முடியாது என்று முந்தின பஸ்ஸிலேயே ஏற்றிவிடுகிறேன். ஆறே முக்காலுக்குச் சோறு ஆகிவிட வேண்டும், அது என் பாடு.

ஏமாந்தது 3,500, நகலுக்கு 600, ஆட்டோ 850, கெட்டுப்போன துணி 400. தை முகூர்த்தத்துக்குத் தைத்துத் தர முடியாமல் திருப்பிக் கொடுத்த 14 ஜாக்கெட், ஒன்றுக்கு 350 வீதம் 4,900. மொத்தம் 10,250 ரூபாய். அந்த வீட்டார் இப்போது வேறு இடத்தில் தைக்கிறார்கள், அந்தக் கணக்கு இதில் சேரவில்லை. இவ்வளவும் ஒரு துண்டுப் பேப்பர் டிராயரில் கிடந்ததற்கு. மார்ச் 3ஆம் தேதி அவள் தமிழ்த் தேர்வு எழுத உள்ளே போன பிறகுதான் வீட்டுக்காரருக்குப் போன் செய்து முழுக் கதையையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தப் போர்டு போட்டோவை எனக்கு அனுப்பு" என்றார்.

சின்னவன் இப்போது ஏழாம் வகுப்பு, அவன் படிப்பது வேறு பள்ளி. 2025 ஜூன் 2 பள்ளி திறந்த அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு மாட்டிவிட்டேன்: தேதி, முற்பகல், பிற்பகல், காரணம். மாதக் கடைசியில் அவன் மிஸ்ஸிடம் கேட்டு இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்க்கிறேன். முதல் மாதமே ஒரு அரை நாள் இடித்தது. பஸ்ஸா என்று கேட்டேன். இல்லையாம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனானாம். நோட்டில் காரணம் என்ற கட்டத்தில் அவன் கையாலேயே 'மேட்டூர்' என்று எழுதி வைத்திருந்தான்.